எந்த வாசலில் போடுவது?

"இன்னும் எத்தனை பேருக்குக் கால் உடையணும் சார்? ஒரு கணக்குச் சொல்லுங்க, தெருவுலேர்ந்து ஆள் பிடிச்சு அனுப்பறோம்!"

தையல்காரி மேசையில் அடித்த அடியில் இன்ஜினியரின் டீ டம்ளர் துள்ளி நின்றது. நகராட்சி அலுவலகத்தின் அந்தச் சின்ன அறைக்குள் தெருவே திரண்டு வந்திருந்தது. மின்விசிறிக்கே மூச்சு முட்டியது.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் இறக்கம் அது. மேலேயிருந்து வரும் வண்டிக்காரனுக்கு, வளைவில் திரும்பிய பிறகுதான் எதிரே ஆள் இருப்பதே தெரியும். போன மாதம் அவள் மகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்த வளைவைக் கடக்கும்போது ஒரு பைக் வந்து தூக்கியடித்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை. தொடை எலும்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். "நான் பழையபடி நடப்பேனாம்மா?" என்று அது கேட்கும்போதெல்லாம், மெஷினை இன்னும் வேகமாக மிதிப்பாள்.

"நீ பேசும்மா, நாங்க இருக்கோம்" என்று தைரியம் சொன்னார் வீட்டுக்காரர். அவர் வீட்டின் கீழ்ப்பகுதியில்தான் அவள் வாடகைக்கு இருக்கிறாள்.

"வேகத்தடை போடறேன்னு சொல்ற வரைக்கும் ஒருத்தரும் நகர மாட்டோம். வியாபாரத்தை விட்டுட்டு வந்திருக்கேன் சார் நான்!" இது மளிகைக்கடைக்காரர்.

"இருந்தாத்தானே விட்டுட்டு வர்றதுக்கு" என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள்.

யார் என்று திரும்பியபோதுதான், கதவோரம் டியூஷன் டீச்சர் நிற்பதைத் தையல்காரி பார்த்தாள். அன்றைக்குப் பைக்கை ஓட்டி வந்தது இந்த டீச்சரின் மகன்தான்.

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இங்க வந்திருக்கா?" காதில் விழட்டும் என்றே சொன்னாள்.

"ஊரார் பிள்ளைக்குப் பாடம் சொன்னா போதுமா? பெத்த பிள்ளைக்கு ரெண்டு வார்த்தை சொல்ல வேண்டாமா?" மளிகைக்கடைக்காரர் ஒத்து ஊதினார்.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பியவள் தையல்காரி. தெருவில் ஒரு பிள்ளையும் அந்த வீட்டுக்கு டியூஷன் போகக்கூடாது என்று வீடு வீடாக ஏறிச் சொன்னவளும் அவள்தான். இப்போது யாரும் போவதில்லை.

இன்ஜினியர் கையமர்த்தினார். "போட மாட்டோம்னு யாரும்மா சொன்னது? இந்த வாரமே போடலாம். எங்க போடறதுன்னுதான் கேள்வி."

"எங்கன்னா? ரோட்டுலதான். மொட்டை மாடியிலயா போடுவாங்க?"

அறையே சிரித்தது. இன்ஜினியர் சிரிக்கவில்லை.

"இறக்கம் ஆரம்பிக்கிற இடத்துல போட்டாத்தான் வேகம் குறையும். அங்க மூணே வாசல்தான் இருக்கு. போன வருஷம் பக்கத்துத் தெருவுல போட்டோம். ராத்திரியோட ராத்திரியா கடப்பாரையால பேத்து எடுத்துட்டாங்க. யாரு? அந்த வாசல்காரங்களேதான். அதனால, யார் வாசலுக்கு நேரா போடறோமோ அவங்க சரின்னு சொன்னாத்தான் இனிமே வேலையே தொடங்குவோம்."

"இவ்வளவுதானா? எங்க வாசல்லயே போடுங்க" என்றாள் தையல்காரி.

"சொந்த வீடாம்மா?"

அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"அது வந்தும்மா... நம்ம வீடு பழசு. லாரி ஏறி இறங்கினா சுவர்ல விரிசல் விட்டுடும். மாடிக்கு வாடகைக்கும் ஆள் வராது. கொஞ்சம் தள்ளி, கடைக்கு நேரா போட்டாங்கன்னா..."

"உங்களுக்கு என் கடைதான் கிடைச்சுதா?" மளிகைக்கடைக்காரர் எகிறினார். "சரக்கு வண்டி எங்க நிக்கும்? மழை பெஞ்சா தண்ணி தேங்கி என் அரிசி மூட்டைக்குத்தானே வரும்?"

"ஒருத்தரும் நகர மாட்டோம்னீங்களே அண்ணே!"

"இப்பவும் நகரலையேம்மா. வேகத்தடையே வேண்டாம்னா சொன்னேன்? என் வாசல்ல வேண்டாம்னுதானே சொல்றேன்."

தையல்காரி இருவர் பக்கமும் திரும்பினாள். "ஆஸ்பத்திரிக்கு வந்து, 'நம்ம வீட்டுப் பிள்ளைம்மா'ன்னு ரெண்டு பேரும் கண்ணைக் கசக்கினீங்களே. நம்ம வீட்டுப் பிள்ளைக்கு நம்ம வாசல் மட்டும் ஆகாதோ?"

பின்னால் நின்றவர்கள் செல்போனில் மும்முரமானார்கள். ஒருவர் போன் வராமலே காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

"மூணாவது வாசல் யாருது?" என்றார் இன்ஜினியர்.

கதவோரம் ஒரு கை மெல்ல உயர்ந்தது.

"வா. நீயும் உன் பங்குக்கு ஒரு சாக்கு சொல்லிட்டுப் போ!" தையல்காரி சீறினாள். "அது ஒண்ணுதான் பாக்கி."

டீச்சர் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. இன்ஜினியரிடம்தான் பேசினார்.

"எங்க வாசல்ல போடுங்க சார். சொந்த வீடுதான்."

இன்ஜினியர் நம்பாமல் பார்த்தார். "வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்லுங்கம்மா. அப்புறம் எடுங்கன்னு வந்து நிக்கக்கூடாது. ராத்திரி பகல்னு இல்லாம ஒவ்வொரு வண்டியும் தடால் தடால்னு ஏறி இறங்கும். வீட்ல ஒருத்தரும் தூங்க முடியாது."

டீச்சர் சொன்னார்:

"அந்தப் பிள்ளை விழுந்த அன்னிலேர்ந்து எங்க வீட்ல யாரு சார் தூங்கறா?"