முட்டி டாக்டரும் முதல் கேள்வியும்

நிபுணர்களுக்குப் பொது மருத்துவம் மறந்துபோய்விடக் கூடாதென்று ஒரு பயிற்சி வகுப்பு வைத்திருந்தார்கள். கண் டாக்டர், இருதய டாக்டரோடு முட்டி டாக்டரும் வேண்டாவெறுப்பாக வந்து சேர்ந்தார். பாடம் எடுப்பவரைக் காணோம். பரிசோதனைக் கட்டிலில் ஒரு வழுக்கைத்தலை ஆசாமி மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"பாடத்துக்காகக் கூட்டிட்டு வந்த நோயாளி போல. நாமளே பார்த்துடுவோம்" என்று கண் டாக்டர் டார்ச்சை எடுத்தார்.

"டாக்டர், நான்..."

"பேசாதீங்க. மேலே பாருங்க. அடடா, புரை விழுந்திருக்கு!"

"இல்லீங்க, நான் வந்தது..."

"மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று வாயை அடைத்தார் இருதய டாக்டர். "துடிப்பு சரியில்லையே!"

முட்டி டாக்டர் தன் பங்குக்குக் காலை மடக்கிப் பார்த்தார். "சுத்தமா தேஞ்சு போச்சு. ஆபரேஷன்தான்." பிறகு கடிகாரத்தைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். "பாடம் எடுக்கிறவர் எங்கதான் தொலைஞ்சாரு?"

ஆசாமி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எழுந்து, கரும்பலகைப் பக்கம் போனார்.

"அதைத்தாங்க அப்பவே சொல்ல வந்தேன். இன்னிக்குப் பாடம், நோயாளிகிட்ட கேக்க வேண்டிய முதல் கேள்வி. 'என்ன விஷயமா வந்தீங்க?'"

முட்டி டாக்டர் மட்டும் கையைத் தூக்கினார்.

"அருமையான பாடம் சார். ஆபரேஷனை எப்ப வச்சுக்கலாம்?"