விண்கல்லில் ஒரு வெட்டு

கல் வியாபாரியின் பட்டறையில் அறுப்புச் சக்கரம் தண்ணீரைத் தெறிக்கவிட்டபடி சுற்றுகிறது. எதிரே முக்காலியில், கல்லைக் கொண்டுவந்த அம்மாள் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வானத்திலிருந்து விழுந்தது என்று சொல்லிச் சொல்லியே, இறந்துபோன அவள் கணவர் ஊர்ச் சிரிப்பை வாங்கிக்கட்டிக்கொண்ட கல் இது. இப்படிக் கல்லைக் கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் ஆமாம் என்ற பதிலுக்குத் தவம் கிடப்பார்கள். இவளோ, "வெறும் கல்லாத்தான் இருக்கும், இல்லீங்களா?" என்று மறுபடியும் கேட்கிறாள். "அறுத்துப் பாத்தாத்தாம்மா தெரியும். நான் என்ன ஜோசியனா?" அடுத்தவன் சரக்கை மட்டம் தட்டியே பிழைக்கும் வியாபாரிக்கு, அவளே மட்டம் தட்டுவதால் இன்று அந்த வித்தை கைகொடுக்கவில்லை. சக்கரம் நிற்கிறது. ஈரத்தைத் துடைத்து, வெட்டிய முகத்தை விளக்கருகே திருப்புகிறார். சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக இரும்பு மினுங்குகிறது. "கோடிக்கணக்கான வருஷம் இருட்டுல தனியாச் சுத்திட்டு வந்திருக்கும்மா. உங்க வீட்டுக்காரர் சொன்னது நிஜந்தான்." அவள் கல்லைத் தொடவில்லை. "ஊரு சிரிச்சப்போ அவரு கண்டுக்கவே இல்லீங்க," என்கிறாள். "நானும் சிரிச்ச அன்னைக்குத்தான் இதை எடுத்து அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டினாரு."