பதினைந்து இடம்

இன்றாவது சாகக் கூடாது.

மடியில் லேப்டாப்போடு, காது டாக்டருக்குக் காத்திருப்பவர்கள் நடுவில் அவள். எதிர்ச்சுவரில் டிவி.

செத்துக்கொண்டிருப்பது ஆட்கள் அல்ல, பாக்கெட்டுகள்; கணினி டிவிக்கு அனுப்பும் தகவல் பொட்டலங்கள். நேற்றுச் சோதனையில் ஒன்றுகூட டிவிக்குப் போய்ச் சேரவில்லை. இன்றும் சேராவிட்டால் அவள் செய்துவைத்த எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டார்கள் ஆஸ்பத்திரியில்.

கூப்பிட்டால் இங்கே பாதிப் பேருக்குக் கேட்காது. அதற்குத்தான் டிவி. டோக்கன் எண் வரும். பக்கத்தில் 'ப்ளீஸ் வெயிட்', இல்லையென்றால் 'ப்ளீஸ் கம் இன்'. இரண்டும் ஆங்கிலத்தில்.

முந்தாநாள், ஆங்கிலம் படிக்கத் தெரியாத மரியதாஸ் தன் எண்ணைப் பார்த்து எழுந்து போனார். வெயிட் என்று கையமர்த்தினார்கள். அதற்குப் பிறகு 'கம் இன்'னோடு எண் வந்தபோது அவர் எழவேயில்லை. விசைப்படகு எஞ்சினோடு முப்பது வருடம் கிடந்த காது. சாயங்காலம் பஸ் ஏறிப் போனார்.

அன்று ராத்திரியே அவள் லேப்டாப்பைத் திறந்துவிட்டாள்.

டிவிக்கு எண் அனுப்பும் மென்பொருளை எழுதியவர்கள் கடையை மூடிப் பல வருடம். அதைத் திறக்க வழியில்லை. எனவே வழிமறிக்கிறாள். டிவிக்குப் போகும் பாக்கெட்டைக் கணினியின் அடிவயிற்றில், கர்னலுக்குள், பிடித்துச் சொல்லை மட்டும் மாற்றுகிறாள்.

நீளம் மாறக் கூடாது. 'ப்ளீஸ் கம் இன்', ஆங்கிலத்தில் இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்த்துப் பதினைந்து இடம். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று இடம்.

'உள்ளே வரவும்' கொள்ளவில்லை.

வ. கால். ங. புள்ளி. க.

ஐந்து குறி. கச்சிதமாகப் பதினைந்து!

பிறகு ஏன் செத்தன? உள்ளிருப்பதைக் கூட்டி ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஓர் எண் எழுதியிருக்கும். செக்சம். சொல்லை மாற்றிய மகராசி அதை மாற்றவில்லை. கூட்டல் ஒத்துவராத பாக்கெட் சத்தமில்லாமல் வீசப்பட்டுவிடும். எல்.கே.ஜி. பிள்ளைகூடச் செய்யாத தப்பு.

காலையில் திருத்திவிட்டாள்.

"வெயிட்டையும் தமிழ்ல போட்டுரலாமே?" நர்ஸ் ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள்.

"அதுக்குப் பன்னெண்டு இடந்தான்க்கா. 'பொறு'ன்னுதான் போட முடியும்."

"ஆத்தாடி, வேண்டாம்!"

அந்த மரியாதைக் குறைவுக்குப் பதில் ஆங்கிலமே இருக்கட்டும்.

மரியதாஸ் இன்றும் வந்திருக்கிறார். டோக்கன் முப்பத்தேழு. மடித்துக் கட்டிய கைலி, கையில் மஞ்சள் பை.

டிவி மினுங்கியது.

37 வாங்க

அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

மரியதாஸ் ஒருமுறை பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். எழுந்தார்.

மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டார்.

"இந்தா வந்துட்டேன்!" என்றார், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

டிவியிடம்.