எதிர்வீட்டு வக்கீல்

"என்னைத் தாண்டித்தான் உள்ளே போகணும்!"

தையல்காரி வீட்டு வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டு எதிர்வீட்டுக்காரி அதிகாரியிடம் சொன்னாள். அவள் உட்கார்ந்தால் அந்த வாசலில் காற்று நுழையவே இடமிருக்காது. ஆகவே அது வெறும் மிரட்டல் இல்லை.

எங்கள் தெருவில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். சட்டம் படித்தவள் இல்லை. புதிதாக வந்த தபால்காரரிடமே அடையாள அட்டை கேட்டவள், அவ்வளவுதான். அடுப்பை அணைத்தோமா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் நாங்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டோம்.

"நீங்க யாரும்மா? இது உங்க வீடா?"

"எதிர்வீடு. அதனால என்ன, கேள்வி கேக்கக் கூடாதா? முதல்ல உங்க கார்டைக் காட்டுங்க."

காட்டினார். படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுல தலை நிறைய முடி இருக்கே?"

"கார்டு பழசும்மா. வழியை விடுங்க. வீட்டுல வச்சுத் தொழில் பண்றதா இவங்க மேல புகார் வந்திருக்கு. மெஷினை எல்லாம் எடுத்துட்டு வரச் சொல்லி உத்தரவு."

கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு தையல்காரி உள்ளிருந்து ஓடிவந்தாள். "சார், இதுங்கதான் சார் எங்களுக்குச் சோறு. அவர் போனப்புறம் ரெண்டு பொண்ணுங்களையும் இதை ஓட்டித்தான் வளர்க்கிறேன்." வாசற்படியில் இடமில்லாததால், வக்கீலம்மாவின் தோளுக்கு மேலேயே குனிந்து அதிகாரியின் காலைத் தொடப் பார்த்தாள்.

"எந்திரிடீ! கால்ல விழுந்தா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்." வக்கீலம்மா அவளைப் பின்னால் தள்ளினாள். "உத்தரவைப் படிங்க சார். தெருவுக்கே கேக்கணும்."

அதிகாரி படித்தார். மேற்படியில் ஏறி, கீழ்க்கண்டவற்றில் இறங்கி, அவர் மூச்சுவாங்கி முடித்தபோது எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

வக்கீலம்மாவுக்கு மட்டும் ரத்தம் கொதித்தது. "பொழுது சாஞ்சப்புறம் கொஞ்சம் கடகடங்குதுன்னா, கதவை மூடிக்கிட்டுத் தைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதாதா? அதுக்காக மெஷினையே தூக்கிடுவீங்களா? யார் கேட்டா இதை?"

"விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினோமேம்மா. பதிலே இல்லை."

"அப்படியா? எங்கடீ அது?"

தையல்காரி திருதிருவென்று விழித்தாள். பெரிய பெண்தான் மெதுவாகச் சுவரைக் காட்டினாள். ஆணியில் தொங்கிய காகித அளவுகளுக்கு நடுவே ஒரு முழுக்கை. அதன் தோள்பட்டையில் அரசாங்க முத்திரை.

"நல்லா மொடமொடன்னு இருந்துச்சுக்கா. ஏதோ விளம்பரம்னு நெனச்சு, அளவு வெட்டிட்டேன்," என்றாள் தையல்காரி.

பதில் சொல்லவேண்டிய கெடு தேதி கைக்குழி வளைவோடு போய்விட்டிருந்தது. தெருவே சிரித்தது. தையல்காரியும் வக்கீலம்மாவும் சிரிக்கவில்லை.

"பொம்பளைங்க இருக்கிற வீடு. பெண் அதிகாரி இல்லாம நுழையக் கூடாது!" என்றாள் வக்கீலம்மா.

ஜீப்பிலிருந்து ஒரு பெண் அதிகாரி இறங்கினார். எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்திருந்தார்கள்.

"மேல்முறையீடு பண்ணுவோம்."

"தாராளமா பண்ணுங்க. அதுவரைக்கும் மெஷின் எங்ககிட்ட இருக்கும்."

"அதுவரைக்கும் என் புள்ளைங்க என்னத்தைச் சாப்பிடும் சார்?" என்று தையல்காரி கேட்டாள். அதிகாரி உத்தரவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பெண் அதிகாரி வக்கீலம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து எழுப்பினார். கூட வந்த ஆட்கள் உள்ளே போய் முதல் மெஷினைத் தூக்கினார்கள். ஊசியில் பாதி தைத்த பாவாடை அப்படியே தொங்கிக்கொண்டு வந்தது. தையல்காரி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை இழுபட்டாள்.

"கையை எடும்மா, நசுங்கிடும்," என்றார் அதிகாரி. "என்னால நிறுத்த முடியாது. புகார் சொன்னவங்களே நேர்ல வந்து, இனிமே எனக்குத் தொந்தரவு இல்லைன்னு சொன்னாத்தான் உண்டு."

"யாருன்னு சொல்லுங்க சார். அவங்க கால்ல விழறேன்."

"பேரை நாங்க சொல்லக் கூடாதும்மா. அது அவங்களுக்கு உள்ள உரிமை."

நாங்கள் எல்லோரும் மாடிவீட்டுக்காரியைப் பார்த்தோம். அவள் கோடிவீட்டுக்காரியைப் பார்த்தாள். கோடிவீட்டுக்காரி, "என்னை எதுக்குடீ பாக்கறே, எனக்குக் காதே சரியாக் கேக்காது!" என்று அலறினாள்.

தையல்காரி வக்கீலம்மாவின் தோளில் விழுந்து அழுதாள். "இந்தத் தெருவுல எனக்குன்னு இருக்கிறது நீ ஒருத்திதான்க்கா. எதாவது கேளுக்கா. இன்னும் எதாவது ஒரு உரிமை இருக்கும்க்கா, கேளு."

வக்கீலம்மா ஜீப்பைப் பார்த்தாள். ஜீப்பின் பின்கதவு திறந்தது. மெஷினின் ஒரு கால் அதன்மேல் ஏறியது.

தோளில் கிடந்த தலையை மெல்ல விலக்கிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் அவள் சொன்னாள்:

"இறக்குங்க சார். போன் பண்ணினது நான்தான்."