இரண்டு உருண்டைக் களி

"ஏங்க, இனிமே நம்ம ஊட்டுல உங்களுக்குச் சோறே கெடையாது. ரெண்டு வேளையும் களிதான்."

"நீ போட்டா எதையும் தின்னுவேன், போடி."

மூன்று வருடங்களுக்கு முன், மாத்திரை போதாமல் திருமலை இன்சுலினுக்கு மாறிய அன்று, கணவனும் மனைவியும் இப்படித்தான் சிரித்துக்கொண்டார்கள். சர்க்கரைக்குக் கேழ்வரகுதான் மருந்து என்று கெலமங்கலத்தில் எல்லோரும் சொன்னார்கள்.

அன்றிலிருந்து சுகுணா ஒருநாள் தவறவில்லை. ஓசூருக்குக் கம்பெனி பஸ் ஐந்து மணிக்கு. நாலு மணிக்கே எழுந்து, கட்டி தட்டாமல் கிண்டி, கை சிவக்கச் சிவக்க உருட்டுவாள். தட்டில் ஒன்று, டிபன் பாக்ஸில் ஒன்று. கூடவே கீரைக் கடைசல்.

டிபன் பாக்ஸ் தினமும் காலியாகவே திரும்பி வந்தது.

ஆள் மட்டும் இளைத்துக்கொண்டே போனான். கழன்று விழுந்த செருப்பைக்கூட அவன் கால் அறியவில்லை. அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: உருண்டையைக் கொஞ்சம் பெரிதாக்கினாள்.

'எங்க ஊட்டுக்காரரு நடமாடுறதே என் களியாலதான்' என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள்.

நேற்று அவன் மெஷின் முன்னால் மயங்கி விழுந்தான். எப்போதும் ஷிப்ட் முடிந்து தனியாகவே டாக்டரிடம் போய்வருபவன், இன்றுதான் அவளைக் கூட்டி வந்திருந்தான்.

டாக்டரம்மா ஸ்கேனைக் காட்டினார். காலையில் சாப்பிட்டது சாயங்காலமும் வயிற்றிலேயே கிடக்கிறது. சர்க்கரை, கால் நரம்பைப் போலவே வயிற்று நரம்பையும் தின்றுவிட்டது. ஊசி போட்டதும் சர்க்கரை இறங்குகிறது, சாப்பாடு இறங்குவதில்லை. அதுதான் மயக்கம்.

"சரியாயிடுமா, மேடம்?"

டாக்டரம்மா பைலைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"களி, கீரை, நார் இருக்கிற எதுவும் கூடாதுன்னு போன வருஷமே எழுதிக் குடுத்தேனே, திருமலை. இன்னுமா சாப்பிடுறீங்க?"

சுகுணா அவனைப் பார்த்தாள். அவன் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அவன் வாந்தியைப் பற்றி வாய் திறந்தான். ஒரு வருடம். கம்பெனி கக்கூஸில், யாருக்கும் கேட்காமல் குழாயைத் திறந்துவிட்டு, அவன் வாந்தியெடுத்த நாட்களை அவளால் எண்ண முடியவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கே தெரிந்தது.

"கஞ்சி வெச்சுத் தரட்டுங்களா? தண்ணியா, ரெண்டே வாய்..." என்றாள்.

திருமலை அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். எத்தனையோ காலைகளில் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப்போன வார்த்தை அது.

"சுகுணா, இனிமே என்னைச் சாப்புடச் சொல்லாத."