ஒரு நாள் குடித்தனம்

“எழுந்திரு. இன்னிக்கு அந்தத் தெருவுல ஒரு நாள் குடித்தனம் பண்ணிப் பாக்கணும்” என்றாள்.

அவன் எழுந்தான். பல் தேய்த்தான். குளித்தான். காபி போட்டுக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். கசங்கிய சட்டையையே மாட்டிக்கொண்டான்.

நகரத்தின் மறுகோடியில் இருந்தது அந்தத் தெரு. பெரிய சாலையிலிருந்து இரண்டு திருப்பம் உள்ளே போனால் ஹாரன் சத்தமே கிடையாது. மாடியில் ஒரு வீடு காலி. சாயங்காலத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்கு என்று தரகர் சொல்லியிருந்தார். அவனுக்கு இருக்கிற வீட்டை விட மனமில்லை.

வீடு பார்ப்பதில் அவளுக்கு ஒரு முறை உண்டு. சுவரைத் தட்டிப் பார்க்க மாட்டாள். குழாயைத் திறந்து பார்க்க மாட்டாள். தெருவில் ஒருவரிடம் கடன் வாங்க வேண்டும், ஒருவரோடு சண்டை போட வேண்டும். அப்புறம்தான் வீடு.

“முதல்ல கீழ் வீட்டுல சர்க்கரை கேளு.”

“முன்னே பின்னே தெரியாதவங்ககிட்டயா?”

“தெரிஞ்சவங்க கொடுக்கறதுல என்ன இருக்கு? போ.”

கதவைத் திறந்த அம்மாள் ஏற இறங்கப் பார்த்தார். “எந்த வீடு?”

“மாடி. இன்னும் குடி வரலை.”

“அப்போ சர்க்கரையை எதுல போட்டுக் கலக்குவே தம்பி?”

அவன் விழித்தான். அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்தார். “இது செட்டுக் கிண்ணம். ஒண்ணு குறைஞ்சாலும் எனக்குத் தூக்கம் வராது. திருப்பித் தர்றதுக்காவது குடி வந்துடு.”

வாசலுக்கு வந்ததும், “கடன்ல பாஸ். அடுத்தது சண்டை” என்றாள் அவள்.

தையல் கடைக்குக் குறுக்கே ஸ்கூட்டரை நிறுத்தினான்.

“யோவ், கடை இருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?” அளவு நாடாவோடு ஓடிவந்தார் தையல்காரர்.

“தெரு என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?” என்றான் அவன், மெதுவாக.

தையல்காரர் ஏமாந்துபோனார். “என்னங்க, மனு கொடுக்கற மாதிரி கேக்கறீங்க? சத்தமா கேளுங்க. அப்பத்தானே நானும் பதிலுக்கு எகிற முடியும்?”

சத்தமாகக் கேட்டான். சண்டை நன்றாகவே நடந்தது. இருவருக்கும் தொண்டை வறண்டபோது தையல்காரர் இரண்டு டீ சொன்னார். டீயில் இனிப்புக் குறைவு. கிண்ணத்திலிருந்து ஆளுக்கு ஒரு ஸ்பூன் போட்டுக்கொண்டார்கள்.

மத்தியானம் பூங்கா பெஞ்சில் கிண்ணத்தை வயிற்றின் மேல் வைத்துப் படுத்தான். எறும்பு வந்தது. தட்டிவிட்டான்.

“தெருவே உன்னை ஏத்துக்கிச்சு. இன்னும் என்ன யோசனை?”

“பழைய வீட்டுல இருக்கறதாலதான் நீ இப்படி வாய் ஓயாம பேசறே. இங்கே குடி வந்து பேசாம போயிட்டா?”

மறுபடி வந்த எறும்பை அவன் தட்டிவிடவில்லை.

சாயங்காலம் தரகர் சாவியோடு வந்தார். “என்ன சார், காலையிலேருந்து கிண்ணமும் கையுமா தனியா சுத்தறீங்க, தனியா பேசறீங்கன்னு தெருவெல்லாம் பேச்சு. வீட்டம்மா வந்து ஒரு தடவை பாக்க வேண்டாமா?”

“அவ இறந்துட்டா” என்றான். “சாவியைக் கொடுங்க.”

இன்றைக்கு அவள் பேசியதெல்லாம் அவனே பேசிக்கொண்டது. ஆஸ்பத்திரியில், கட்டில் பக்கத்தைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தவனிடம் அவள் நிஜமாகவே கடைசியாகச் சொன்னது இதுதான்:

“போய்க் கொஞ்சம் தூங்கு. நான் எங்கே போயிடப் போறேன்?”