கிளமென்ஸ் ராணிக்குக் கீழே ஒரு கோடு

வளைகுடாவில், முவைலா பகுதி ஃபிளாட்டின் ஹால் தரையில் சார்ட் பேப்பர் விரிந்து கிடக்கிறது. சுருளாமலிருக்க மூலைகளில் பருப்பு டப்பாக்கள். தன்யா குப்புறப் படுத்து, பள்ளிக்கூட ப்ராஜெக்டுக்காக, இடைக்காலப் பிரான்ஸின் ராணி கிளமென்ஸுடைய வம்சத்தை வரைகிறாள். மேலே அப்பா, நேப்பிள்ஸ் ராஜாவான தாத்தா. ராணிக்குக் கீழே ஒரே ஒரு கோடு. "அம்மா, இந்த பேபி கொஞ்ச நாள்தான் இருந்துச்சாம். அதுக்குக்கூட ஜான்னு பேர் இருக்கு, பாரேன்." மணற்காற்றில் மங்கிய வெயில் அந்தப் பெயரின் மேல் விழுகிறது. ஏசி உறுமுகிறது. வெண்டைக்காய் நறுக்கும் பிரபாவதியின் கத்தி நிற்கிறது. சோஃபாவில் அவள் கணவன் தியாகு போனிலிருந்து தலை தூக்கவில்லை. திரையைத் தள்ளிக்கொண்டிருந்த விரல் மட்டும் நின்றுவிடுகிறது. முன்பு குடியிருந்த சலாலாவில் அவர்கள் புதைத்த முதல் குழந்தைக்குப் பெயர் சூட்டும் நாள் வரவே இல்லை. "பேர் வெச்சா மறக்க முடியாம போயிடும், பிரபா," என்று அன்று அவன் சொன்னபோது அவளும் தலையாட்டினாள். "நம்ம ஃபேமிலிக்கும் ஒண்ணு போடறேன்," என்று தன்யா அப்பா அம்மா பெயர்களை எழுதி, கீழே ஒரே ஒரு கோடு இழுக்கிறாள். அதன் முனையில் தன் பெயரை அழகாக எழுதுகிறாள். முதல் குழந்தைக்கென்று அவர்கள் எடுத்து வைத்திருந்த பெயர் அது.